நோட்டில் டிக் அடித்தும் வராத சமாதானம்

வாசகர் கேள்விக்கு மனநல ஆலோசகரின் பதில்

ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர், சபை, கம்பெனி எதுவும் வெளியே தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது.

அவருக்கு 43 வயது. ஷூ கம்பெனியில் எட்டரை வருடமாக வேலை. முதலில் தையல் லைனில், இப்போது செக்கிங்கில். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், ஒரே தம்பியைப் பறிகொடுத்தார். அன்றிலிருந்து மனதில் நிம்மதி இல்லை. நிம்மதி வேண்டும் என்று ஜெபத்தைக் கூட்டிக்கொண்டே போனார். இப்போது தினமும் மூன்றரை மணிக்கு எழுந்து ஒன்றரை மணி நேர ஜெபம், பத்து அதிகாரம் வேதவாசிப்பு, புதனும் வெள்ளியும் உபவாசம். எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். செய்ததற்கு டிக், விட்டதற்குச் சிவப்பு மையில் ஒரு சுழி. ஜெபத்தின் நடுவே வேறு நினைப்பு வந்தால் அந்த ஜெபம் 'செல்லாது' என்று முதலிலிருந்து தொடங்குகிறார். சில நாள் ஐந்தாறு முறை. விசுவாசத்தால் சுகமாகிவிடும் என்று தைராய்டு மாத்திரையை நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது. ஜெபக் குழுவில் மூத்தவர் ஒருவர், "உங்களுக்குள்ள ஏதோ மறைவான பாவம் இருக்கு, அதுதான் ஆனந்தத்தைத் தடுக்குது. வேலையை விட்டுட்டு நாற்பது நாள் உபவாசம் இருங்க" என்று சொல்லியிருக்கிறார். கணவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். மகளோ, "நீ ஜெபம் பண்ணாத அன்னைக்குத்தான்மா நல்லா பேசற" என்று சொல்லிவிட்டாள். அவள் வாயிலாகச் சாத்தான் பேசுகிறானோ என்று இவருக்குப் பயம்.

கேட்டிருப்பவை மூன்று. வேலையை விடலாமா? மனநல மருத்துவரைப் பார்ப்பது அவிசுவாசமா? "உம்முடைய சமுகத்தில் பரிபூரண ஆனந்தம்" என்று பதினாறாம் சங்கீதம் சொல்கிறதே, இவ்வளவு செய்தும் எனக்கு ஏன் அது கிடைக்கவில்லை?

அன்புள்ள சகோதரி,

மற்றதெல்லாம் பேசும் முன் ஒரு விஷயம். "ஆண்டவர் என்னை எடுத்துக்கொண்டால் தேவலை" என்று இந்த மாதத்தில் இரண்டு முறை தோன்றியதாக ஐந்தாம் பக்கத்தில், வரிகளுக்கு நடுவே ஒளித்து வைத்ததுபோல எழுதியிருக்கிறீர்கள். அதைக் கணவரிடம் இன்றைக்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுபடி அந்த நினைப்பு வந்தால், ராத்திரி இரண்டு மணியானாலும் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். இப்படித் தோன்றியதற்காக நோட்டில் இன்னொரு சுழி போடவேண்டாம். எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்றவர்தான். அவருக்குக் கிடைத்தது கண்டிப்பு அல்ல. சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தூக்கமும். எழுந்து சாப்பிட்டார், மறுபடி படுத்தார், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைக்கப்பட்டார். அதன் பிறகுதான் நாற்பது நாள் நடை. அந்தக் குழு மூத்தவருக்கு இந்தப் பகுதி நினைவுக்கு வரவில்லைபோலும்.

இப்போது உங்கள் தம்பி. ஆறு பக்கத்தில் அவரைப் பற்றி நான்கு வரிதான் இருக்கிறது. அந்த நான்கு வரியில்தான் மீதிக் கடிதம் முழுவதும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அவர் வென்டிலேட்டரில் இருந்த இரவு நீங்கள் முழங்காலில் நின்றீர்கள். மூன்று மணிவாக்கில் கண்ணயர்ந்துவிட்டீர்கள். மூன்றே முக்காலுக்கு போன் வந்தது. "நான் தூங்காமல் இருந்திருந்தால்" என்று எழுதி, அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

இன்று நீங்கள் மூன்றரைக்கு எழுந்திருப்பது எதனால் என்று யோசித்துப் பார்த்தீர்களா? விடியற்கால ஜெபம் நல்லது என்பதால் மட்டும்தானா? அந்த ஒரு இரவின் காவலை நான்கு வருடத்துக்கும் மேலாக நீங்கள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிக் காப்பவருக்கு ஆனந்தம் எப்படி வரும்? அது ஜெபத்தில் உள்ள குறை இல்லை. தவணை கட்டுகிறவருக்கு, கட்டி முடிக்கும் மட்டும் நிம்மதி கிடையாது. இந்தக் கடனுக்கோ பத்திரமே இல்லை, யாரும் உங்களிடம் கேட்கவும் இல்லை. அந்த மே மாதத்தில் வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் எத்தனையோ பேர் எத்தனையோ வீடுகளில் தூங்காமல்தான் ஜெபித்தார்கள். போனவர்கள் போனார்கள். தூங்கியவர் வீட்டில் பிழைத்தவர்களும் உண்டு. கெத்செமனேயில் தூங்கிவிட்ட சீஷர்களைப் பார்த்து ஆண்டவர் சொன்னதும் "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்றுதான். அன்று தூங்கியவர்களை வைத்துத்தான் பிறகு சபையே கட்டினார்.

தம்பிக்காக நீங்கள் அழுதீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொரோனா காலத்துச் சாவு. முகத்தைப் பார்த்தீர்களோ இல்லையோ, அடக்கத்துக்குப் போகமுடிந்ததோ இல்லையோ. அழவேண்டியதை உழைப்பாக மாற்றிவிட்டீர்கள். அழுவதைவிட உழைப்பது பலருக்குச் சுலபம். என் மேசைக்கு எதிரே உட்காருகிறவர்களில் இப்படிப்பட்டவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்; ஒருவர் ஜெபத்தில் உழைப்பார், இன்னொருவர் வீட்டைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

செக்கிங் மேசை

உங்கள் வேலையைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறீர்கள். அப்பர் (ஷூவின் மேல்பகுதி) வந்தால் தையல் விலகியிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, இடதும் வலதும் ஒரே நிறம்தானா என்று சில நொடியில் கண்டுபிடித்து, குறை இருந்தால் ரீவொர்க் கூடையில், அதாவது மறுபடி செய்யவேண்டியவற்றின் கூடையில், போட்டுவிடுவீர்கள். எட்டு மணி நேரம் குறையை மட்டுமே தேடுவதற்குப் பழகிய கண் அது. அந்தக் கண்ணைத்தான் விடியற்காலையிலும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். ஜெபத்தைத் தூக்கிப் பார்க்கிறீர்கள், நடுவில் ஒரு நினைப்பு, உடனே ரீவொர்க். மனதைத் தூக்கிப் பார்க்கிறீர்கள், சந்தோஷம் இல்லை, அதுவும் ரீவொர்க்.

சங்கீதக்காரன் "உம்முடைய சமுகத்தில்" என்றுதான் சொல்கிறான், 'என் முயற்சியில்' என்று சொல்லவில்லை. இதை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். ஆனால் சமுகம் என்றால் என்ன? ஒருவர் முன்னால் இருப்பது. உங்களுக்குப் பிரியமான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, 'இப்போது நான் சரியாக உட்கார்ந்திருக்கிறேனா, எனக்கு சந்தோஷம் வருகிறதா' என்று நிமிடத்துக்கு ஒரு முறை உங்களையே சோதித்துக்கொண்டிருந்தால், அவரைப் பார்ப்பது எப்போது? ஒன்றரை மணி நேரமும் நீங்கள் ஆண்டவர் முன்னால் இருக்கவில்லை சகோதரி, உங்கள் நோட்டின் முன்னால் இருந்தீர்கள். கோபப்படாதீர்கள். நானும் அப்படி இருந்தவள் என்பதால்தான் இவ்வளவு உரிமையோடு சொல்கிறேன்.

17-ம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மேல் சபைத் துறவி மடத்தில் லாரன்ஸ் என்ற சகோதரர் இருந்தார். போரில் காயப்பட்டு, கால் ஊனத்தோடு மடத்துக்கு வந்தவர். படிப்பு அதிகம் இல்லாததால் சமையலறையில் போட்டார்கள். பல வருடம் கழித்து, மடத்தாரின் செருப்பு தைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஆம், செருப்பு. அவர் உங்கள் இனம். மடத்தில் சேர்ந்த முதல் பத்து வருடம் அவருக்கும் நிம்மதி இல்லை. தான் நரகத்துக்குத்தான் போகப்போகிறோம் என்று வருடக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தார். சுற்றியிருந்தவர்கள் சொன்ன முறைகளையெல்லாம் செய்துபார்த்து அலுத்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்: என்ன ஆனாலும் ஆகட்டும், ஆண்டவர் மேல் உள்ள பிரியத்துக்காக எதையும் செய்வது, விழுந்தால் விழுந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்வது, அதையே நினைத்து நோண்டிக்கொண்டிருப்பதில்லை. அதன் பிறகு ஜெப அறைக்கும் பாத்திரச் சத்தத்துக்கும் தனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றார். மடத்தில் வேளா வேளைக்கு நடந்த ஜெபத்தை அவர் விட்டுவிடவும் இல்லை. அதை வைத்துத் தன்னை அளந்துகொள்வதைத்தான் விட்டார்.

அதனால் முயற்சியே கூடாது, நாளை முதல் ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாலாற்று மணலில் ஊற்று தோண்டியதைச் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். மணலை அள்ளுவது நம் கைதான். ஆனால் தண்ணீரை நாம் செய்வதில்லை. அது ஏற்கெனவே கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. தோண்டியதும் முதலில் கலங்கல்தான் வரும். தெளியட்டும் என்று கையை எடுத்துவிட்டு உட்காரவேண்டும். தெளியவில்லையே என்று திரும்பத் திரும்பக் கையை விட்டால் சாயங்காலம் வரை கலங்கல்தான். (இன்றைக்கு அந்தத் தண்ணீரைக் குடிக்கமுடியுமா என்பது தோல் பதனிடும் ஷாப்புகளிடம் கேட்கவேண்டிய கேள்வி. அது வேறு கதை.)

பாலாறு என்றதும் உங்கள் மூன்றாம் பக்கம் நினைவுக்கு வருகிறது. தம்பி போய் ஆறு மாதம் கழித்து, 2021 நவம்பரில் பாலாற்றில் கரைபுரண்டு வெள்ளம் வந்ததே, அதைப் பார்க்க மகளோடு போனீர்கள். தண்ணீரையே பார்த்தபடி அரை மணி நேரம் நின்றீர்கள். மகள் உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "மனசு அப்படியே அமைதியாகிவிட்டது, ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் சாயங்கால ஜெபம் தவறிப்போனது தெரிந்தது. மறுநாள் உபவாசம் இருந்து ஈடுசெய்தேன்" என்கிறீர்கள். ஆறு பக்கத்தில் 'அமைதி' என்ற வார்த்தை வருவது அந்த ஒரே இடத்தில்தான்! அதற்கு நீங்கள் அபராதம் கட்டியிருக்கிறீர்கள். நான்கு வருடமாக மூன்றரை மணிக்கு எழுந்து எதைத் தேடுகிறீர்களோ, அது அன்றைக்குக் கேட்காமலே வந்து உங்கள் பக்கத்தில் நின்றது என்று எடுத்துக்கொள்ளக்கூடாதா?

திரும்பத் திரும்ப ஜெபிப்பது

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது ஆவிக்குரிய கேள்வி மட்டும் அல்ல. வேண்டாத நினைப்பு வருவது, அதனால் ஜெபம் கெட்டுவிட்டது என்ற பதற்றம், பதற்றம் தணிய முதலிலிருந்து ஜெபிப்பது, கொஞ்சம் தணிவது, மறுபடி நினைப்பு. இந்தச் சுற்று ஓ.சி.டி. என்ற நோயில் வருகிற சுற்று. சிலருக்குக் கை கழுவுவதில் வரும், சிலருக்குப் பூட்டை இழுத்துப் பார்ப்பதில் வரும், பக்தியுள்ளவர்களுக்குப் பக்தியில் வரும். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் துறவியாக இருந்த காலத்தில், ஏதாவது பாவம் விட்டுப்போயிருக்குமோ என்று மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து, கேட்டுக்கொண்டிருந்த ஸ்டௌபிட்ஸ் என்ற மூத்தவரையே அலுக்க வைத்தார் என்பது சபை வரலாறு. உங்களுக்கு இருப்பது அந்த நோய்தான் என்று கடிதத்தை வைத்து நான் முடிவு கட்டமாட்டேன். நேரில் பார்த்துத்தான் சொல்லமுடியும். இருந்தால் பேச்சுச் சிகிச்சையும் தேவைப்பட்டால் மருந்தும் நன்றாகவே வேலை செய்யும். அதுவரை ஒன்று மட்டும் செய்யுங்கள்: நினைப்பு வந்தால் வரட்டும், ஜெபத்தை அங்கிருந்தே தொடருங்கள். முதல் சில நாள் உள்ளே கொதிக்கும். பிறகு தணியும்.

மனநல மருத்துவரைப் பார்ப்பது அவிசுவாசம் இல்லை. நம் ஊரில் இதைச் சொல்லவேண்டியிருப்பதே எனக்கு ஆச்சரியம். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது இன்றைக்கு சி.எம்.சி. மருத்துவமனையாக நிற்கிறது, அங்கே சிற்றாலயமும் இருக்கிறது, ஆபரேஷன் தியேட்டரும் இருக்கிறது. திருப்பத்தூரில் 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய ஜேசுதாசன், ஃபாரஸ்டர் பேட்டன் இருவருமே டாக்டர்கள்தான். சி.எம்.சி.யின் மனநல மையம் வேலூர் பாகாயத்தில் இருக்கிறது. குடும்பத்தாரையும் கூட வைத்துக்கொண்டு சிகிச்சை தருவது அங்கே நெடுநாள் வழக்கம். கணவரையும் அழைத்துப் போங்கள். கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கவேண்டியது அவர்கள் கடமை.

மாத்திரை

தைராய்டு சுரப்பு குறைந்தால் சோர்வு, முடி உதிர்தல், மறதி, மலச்சிக்கல், மனச்சோர்வு, எதிலும் ருசியில்லாமை எல்லாம் வரும். நீங்கள் 'ஆவிக்குரிய வறட்சி' என்று வரிசையாக எழுதியிருப்பதில் பாதி இந்தப் பட்டியலில் இருக்கிறது. நான் உடல் மருத்துவர் இல்லை, அதனால் அளவு சொல்லமாட்டேன். இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்து, பழைய மருத்துவரிடம் நிறுத்தியதை மறைக்காமல் சொல்லி, மறுபடி தொடங்குங்கள். விடியற்காலை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடவேண்டிய மாத்திரை அது; போட்டபின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காபியும் கூடாது, டிபனும் கூடாது. உபவாசத்தோடு சண்டை போடாத மாத்திரை ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆனால் இப்போதைக்கு உபவாசமே வேண்டாம். எடை ஏழு கிலோ குறைந்திருக்கிறது என்கிறீர்கள். தைராய்டு குறைவில் எடை பொதுவாக ஏறத்தான் செய்யும், அதனால் இந்த இறக்கத்தையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

வேலை

விடாதீர்கள். இந்த மனநிலையில் எடுக்கக்கூடாத முடிவு இது. கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். முடித்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. உங்களுக்கு எட்டரைதான் ஆகிறது. இப்போது விட்டுவிட்டுப் பணத்தையும் எடுத்தால் ஒரு தொகை வரும், பென்ஷன் போகும். கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) ஐந்து வருடம் போதும், அது எங்கும் போகாது. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்று எழுதியிருப்பதால், ஓய்வு தேவை என்று ஈ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று கொடுத்தால் வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்க வழி இருக்கிறது. பங்களிப்பு நாட்கள் உள்ளிட்ட நிபந்தனைகள் உண்டு, உங்கள் எச்.ஆர். பிரிவிலோ ஈ.எஸ்.ஐ. அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது ராஜினாமா அல்ல, லீவு. நாற்பது நாள் உபவாசம் சொன்ன மூத்தவரிடம், "டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள். வாக்குவாதம் வேண்டாம். மறைவான பாவம் பற்றி மறுபடி தொடங்கினால் கொஞ்ச நாள் அந்தக் குழுவுக்குப் போகாமல் இருக்கலாம். உங்கள் சபைப் போதகரைப் பற்றி நல்லவிதமாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் போய்த் தம்பி இறந்த இரவைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

அப்புறம், உங்கள் மகள். அவள் வாயில் சாத்தான் இல்லை. அம்மாவைக் காணோம் என்று தேடுகிற பிள்ளை அவள். நூற்று முப்பத்தோராம் சங்கீதத்தில் தாவீது தன் ஆத்துமாவை 'பால்மறந்த குழந்தை' என்கிறான். நீங்கள் பிள்ளை வளர்த்தவர், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பால்குடிக்கிற பிள்ளை மடியில் இருந்தாலும் எதையோ தேடி முட்டிக்கொண்டே இருக்கும். பால்மறந்த பிள்ளை சும்மா வந்து உட்காரும். அதற்கு ஒன்றும் வேண்டாம், அம்மா இருந்தால் போதும். அவள் அப்படி உங்கள் மடியில் வந்து உட்கார்ந்தபோது, எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள், ஒழுங்காக உட்கார்ந்தாளா என்று நோட்டில் குறித்தீர்களா?

இனி வரும் சில வாரத்துக்கு நான் கேட்பது கொஞ்சம்தான். நோட்டைக் கணவரிடம் கொடுத்து பீரோவில் பூட்டச் சொல்லுங்கள். அலாரத்தை ஐந்தரைக்கு மாற்றுங்கள். மூன்றரைக்குத் தானாக விழிப்பு வரும், வந்தால் படுக்கையிலேயே தம்பி பேரைச் சொல்லி அழுகை வந்தால் அழுங்கள், எழுந்திருக்கவேண்டாம். காலையில் கொல்லைப்புறப் படியில் பத்து நிமிடம் உட்காருங்கள். ஒரே ஒரு சங்கீதம், அதுவும் தோன்றினால். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் வெளியே பாருங்கள். அங்கே ஜெபிக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. சந்தோஷம் வந்ததா என்று பார்க்காதீர்கள். வரும் என்று நான் தேதி போட்டுத் தரவும் முடியாது. சில நாள் வெறுமையாகத்தான் இருக்கும், அந்த வெறுமையோடேயே உட்கார்ந்துவிட்டு எழுந்து சமைக்கப் போங்கள். இந்தப் பத்து நிமிடத்தையும் சரியாகச் செய்கிறோமா என்ற கவலை மூன்றாம் நாளே வரும், உங்களைப் பற்றி இவ்வளவு தெரிந்த பிறகு அதுகூடத் தெரியாதா எனக்கு. வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு பாலாற்றுப் பாலம் வரை போய் வாருங்கள். தண்ணீர் இருக்காது, பரவாயில்லை. அவள் பரீட்சையைப் பற்றிப் பேசட்டும்.

மாத்திரை தொடங்கி ஆறு வாரம் கழித்து ரத்தத்தைத் திரும்பப் பார்ப்பார்கள். அப்போது எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். தம்பியைப் பற்றி, அவர் உயிரோடு இருந்தபோது எப்படி இருந்தார் என்று எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று எழுதவேண்டாம்.